கொஞ்சம் பெரிசா போடுங்க, சார்!

நவம்பர் பிறந்துவிட்டால் மயிலாப்பூர் மாட வீதியில் அந்த மனிதரைப் பார்க்கலாம். காளத்தி கடை வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தியிருப்பார். ஒரு கையில் ரோஸ் மில்க், மறு கையில் செல்போன். போனை மூக்குக்கு நேரே கொண்டுவருவார், எட்டப் பிடிப்பார், மறுபடி கிட்டே கொண்டுவருவார். வெள்ளெழுத்து என்று நினைக்க வேண்டாம். (அதுவும் உண்டு, அது வேறு விஷயம்.) கச்சேரி நோட்டீஸில் மிருதங்க வித்வானின் படம் வயலின் வித்வானின் படத்தைவிட ரெண்டு மில்லிமீட்டர் சின்னதாக இருக்கிறதா என்று சோதிக்கிறார். இருக்கிறது என்று மிருதங்க வித்வானின் சிஷ்யப்பிள்ளை காலை ஆறே முக்காலுக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருக்கிறான்.

இவர்தான் டிசைனர். பெயர் வேண்டாம், பெயர் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் லட்சணம். சபா நோட்டீஸ், டிசம்பர் சீசன் மலர், மேடைக்குப் பின்னால் தொங்குகிற பேனர், சிடி உறை, சினிமா போஸ்டர், அரங்கேற்ற அழைப்பிதழ் என்று பாட்டும் கூத்துமாக இருக்கிற இந்த ஊரில் முதலில் கண்ணில் படுகிற காகிதம் இவர் கைவேலைதான். முப்பது வருஷமாகிறது. மாமனார் மட்டும் இன்னமும் யார் கேட்டாலும், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை ஓவிய வேலை என்று நினைக்கிறார்கள். கிடையாது. இது கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிற வேலை. யார் முதல் பந்தி, யார் யார் பக்கத்தில், சம்பந்தி இலையில் எத்தனை ஜாங்கிரி, ஒன்றுவிட்ட சித்தப்பாவைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தது யார் என்பது போன்ற வழக்குகளைத்தான் இவர் நாள் முழுக்கத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். மீதி நேரத்தில் வர்ணம் பூசுகிறார்.

மயிலாப்பூர்ப் பந்தியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு சபா செயலாளர். பெயரும் சபாவும் நமக்கெதற்கு. பேசியது இப்படி:

"சார், மெயின் ஆர்ட்டிஸ்ட் படம் பெரிசா இருக்கணும். ஆனா மத்தவாளோடது சின்னதா தெரியப்படாது."

இதை யோகிகளாலும் செய்ய முடியாது. நம்மவர் செய்வார். எல்லாருக்கும் ஒரே அளவு வட்டம் போட்டுவிடுவார். பாடகரின் தலையை மட்டும் வட்டத்துக்குள் கொஞ்சம் பெரிதாக்குவார். கடம் வித்வானை நெஞ்சு வரைக்கும் காட்டுவார். ஆக, தலை தானாகச் சிறுத்துவிடும். ஸ்கேல் வைத்து அளந்தால் வட்டம் சமம். சபாவில் பாதிப் பேர் ஸ்கேல் வைத்து அளக்கிறவர்கள்.

மத்தியானம் 12 மணிக்கு இலவசக் கச்சேரி பாடுகிற குழந்தைக்குத் தபால்தலை அளவு. சாயங்காலக் கச்சேரிக்காரருக்குப் பாஸ்போர்ட் அளவு. சங்கீத கலாநிதி வாங்கியவர் என்றால் போஸ்ட்கார்டு. சிக்கல் எப்போது வருகிறதென்றால், பாடுவது பத்தொன்பது வயசுப் பெண், பக்கத்தில் மிருதங்கம் வாசிப்பவர் அவளுடைய தாத்தா காலத்திலிருந்து வாசிக்கிறவர் என்னும்போதுதான். பெரியவர் எதுவும் சொல்லமாட்டார். "எனக்கென்னத்துக்குப் போட்டோவெல்லாம்" என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் படத்தை ஒரு சுற்று பெரிதாக்கிவிட வேண்டும் என்பது முப்பது வருஷ அனுபவம்.

கீழே விளம்பரதாரர் வரிசை. நகைக்கடை, பட்டுப்புடவைக் கடை, வங்கி, காப்பித்தூள், அப்பளம். "பேங்க் லோகோ அப்பளத்துக்குக் கீழேயா?" என்று ஒரு மேலாளர் நேரிலேயே வந்து கேட்டாராம். அப்பளம் கொடுத்த தொகை ஜாஸ்தி என்பதை எப்படி நாசூக்காகச் சொல்வது? "அகர வரிசை சார்" என்று சமாளித்திருக்கிறார். வங்கியின் பெயரும் அகரத்தில்தான் ஆரம்பிக்கும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இதெல்லாம் போகட்டும். ஒரு மிருதங்கக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பக்கத்தின் ஓரத்தில் இருக்கிற முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக்கூடாது என்பது கலைக்கல்லூரியில் சொல்லித்தருகிற பால பாடம். ஒரு சீசன் மலரின் அட்டையில் பாடகி இடப்பக்கம் பார்த்தார், மிருதங்கக்காரர் வலப்பக்கம் பார்த்தார். இருவரும் காப்பி டம்ளரால் சண்டை வந்த தம்பதி மாதிரி ஆளுக்கொரு திசை. ராத்திரி ஒன்றரை மணி. நம்மவர் இரண்டு படங்களையும் மவுஸால் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிப் போட்டார். அழகாக வந்துவிட்டது. ராயப்பேட்டை ஜானி ஜான் கான் ரோட்டில் அச்சாகி, மணக்க மணக்க ஆர்ட் பேப்பரில் வந்து இறங்கியது. செயலாளர் பார்த்தார், கமிட்டி பார்த்தது, பாடகியின் மாமியார்கூடப் பார்த்துவிட்டு "பேஷ்" என்றார்.

முதல் நாள் கேன்டீனில் போண்டாவுக்குக் காத்திருந்த எண்பது வயசு ரசிகர் ஒருவர் மலரைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏண்டாப்பா, இவர் எப்போ பழனியா மாறினார்?" என்று கேட்டார்.

மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். மேடையில் அவர் உட்கார வேண்டிய பக்கம் மாறும். அதற்காகத் தங்கள் பக்கத்தை விட்டுக்கொடுக்க அந்தக் காலத்துப் பிடில் வித்வான்கள் சிலர் சம்மதிக்கவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்குக் கைகொடுத்தார் என்பதெல்லாம் சங்கீத உலகம் அறிந்த கதை. அத்தனை கஷ்டப்பட்டு அவர் நிலைநாட்டிய இடதுகை வாசிப்பை நம்மவர் ஒரே தட்டில் இன்னொருவருக்கு வழங்கியிருந்தார். வலந்தலை இடப்பக்கம் போயிருந்தது. பிறகு எல்லாரும் உற்றுப் பார்த்ததில் பாடகியின் முந்தானை வலது தோளில் கிடந்தது தெரிந்தது. வலப்பக்க மூக்குத்தி இடப்பக்கம். தம்புரா போடுகிற பெண் வாட்ச்சை எந்தக் கையில் கட்டியிருக்கிறாள் என்று ஒரு தனிக் குழு ஆராய்ந்தது.

மிருதங்க வித்வான் சாயங்காலம் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. "போட்டோ ரொம்ப நன்னா வந்திருக்கு சார். ஒரே ஒரு சந்தேகம். நான் இனிமே எந்தக் கையால சாப்பிடணும்?"

அன்றிலிருந்து நம்மவருடைய கம்ப்யூட்டர் திரைக்குமேல் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது: 'யாரையும் திருப்பாதே.' மகள் ஏதோ தியானப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆள் இப்படி ஆவதற்காகப் பிறந்தவரல்லர். 1850-ல் ஆரம்பித்த அரசு கவின்கலைக் கல்லூரியில், அந்தச் செங்கல் கட்டடத்து மரத்தடியில் உட்கார்ந்து, எண்ணெய் வண்ணத்தில் பெரிய பெரிய கான்வாஸ் தீட்டப் போகிறோம் என்று கனவு கண்டவர். அங்கேதான் ஓவியர் ஆதிமூலத்தின் எழுத்துகளைப் பார்த்தார். புத்தக அட்டையில் தமிழ் எழுத்து இப்படி எழுந்து நிற்குமா என்று கிறங்கிப்போனார். ஓவியனாகப் போனவன் எழுத்தில் விழுந்தது அப்படித்தான் என்பார். விழுந்தவர், தி. நகரில் ஒரு விளம்பர ஸ்டூடியோவில் எழுந்தார்.

அப்போதெல்லாம் வேலை என்பது பிளேடும் ரப்பர் சொல்யூஷனும். எழுத்துகளை ப்ரோமைடில் எடுத்து, வெட்டி, அட்டையில் ஒட்ட வேண்டும். 'கச்சேரி'யில் ஒற்று விட்டுப்போனால் அந்த ஒரு 'ச்'சுக்காக மறுபடி டைப்செட்டிங் கடைக்குப் போய், வந்து, நகக்கணு அகலத்துக்கு வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். ஒரு திருத்தத்துக்கு அரை நாள் போகும். அது தெரிந்ததால் கேட்கிறவருக்கும் ஒரு கூச்சம் இருந்தது. "சின்னதா ஒரு மாத்தம்..." என்று இழுப்பார்கள். கம்ப்யூட்டர் வந்து திருத்தத்தின் செலவைப் பூஜ்யமாக்கியது. கூச்சமும் அதோடு போயிற்று. இன்றைக்கு அவருடைய கோப்புகளின் பெயர்கள் இவை: 'ஃபைனல்', 'ஃபைனல் மாமா ஓகே', 'மாமி கரெக்‌ஷன்', 'மாமி சொன்னதை மாமா மாத்தச் சொன்னது', 'பெருமாளே'. அச்சுக்குப் போனது கடைசி.

கேசட்டு காலம்தான் பொற்காலம் என்பது அவர் கட்சி. ஆடிக்கு அம்மன், ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு முருகன், கார்த்திகைக்கு ஐயப்பன், மார்கழிக்கு ஆண்டாள் என்று விவசாயி மாதிரி பருவம் பார்த்து விதைத்தார். கேசட்டு உறையின் முகப்பு உள்ளங்கையில் முக்கால்வாசி. அதற்குள் முருகன், மயில், வேல், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், கம்பெனி முத்திரை. வேல் நுனி மடிப்பில் போய்விடக்கூடாது. போனால் தெய்வ குற்றம். பாடியவர் பெயர் மடிப்பில் போகக்கூடாது. போனால் அது அதைவிடப் பெரிய குற்றம்.

பார்ப்பவர்களிடமெல்லாம் அவர் சொல்கிற ஒரு கதை உண்டு. 1940 வரைக்கும் அமெரிக்காவில்கூட இசைத்தட்டு ஆல்பங்கள் மளிகைப் பொட்டலம் மாதிரி பழுப்பு அட்டையில்தான் வந்தனவாம். கொலம்பியா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற 23 வயசுப் பையன், அட்டையில் படம் போட்டால் என்ன என்று கேட்டான். போட்டான். விற்பனை ஏறியது. "அவன் கேட்டான் பாருங்க, அந்தக் கேள்விக்குத்தான் நான் இன்னிக்கும் ராத்திரி முழிச்சிண்டிருக்கேன்" என்று முடிப்பார். எல்பி தட்டின் உறை 12 அங்குலச் சதுரம். கேசட்டு அதில் ஒரு மூலை. சிடி 12 சென்டிமீட்டர். இப்போது செல்போனில் பாட்டு கேட்கிறவர்களுக்காக 3,000 பிக்சல் சதுரம் கேட்டு வாங்கி, அதைச் சுண்டுவிரல் நகமளவுக்குக் காட்டுகிறார்கள். கான்வாஸ் சுருங்கச் சுருங்க, அதில் போட வேண்டிய பெயர்கள் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. கேசட்டில் ஏழு பேர் இருந்தார்கள். நகத்தில் பதினாறு.

தி. நகர்ப் பந்தி வேறு மாதிரி. இங்கே சத்தம் அதிகம், இலை பெரிது. 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்காக மோகன் ஆர்ட்ஸார் சிவாஜிக்கு 80 அடி கட்-அவுட் வைத்த ஊர் இது. ஈஸ்வர் என்ற ஒற்றை மனிதர் 2,000 படங்களுக்கு மேல் போஸ்டர் தீட்டிய ஊர். அந்தப் பரம்பரையை நினைத்தபடி பயபக்தியோடு ஒரு தயாரிப்பாளர் அலுவலகத்துக்குள் போனால், முதல் கேள்வி இது:

"தம்பி, டைட்டில்ல ஒரு எழுத்து வால் கீழ இறங்குதே. படமும் இறங்கிடும். மேல தூக்குங்க."

தலைப்பில் இருந்தது 'ழ'. தமிழ் தோன்றிய காலத்திலிருந்து ழகரம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இவர் தூக்கினார். வால் மேலே போனதும் அது ழகரமாகவும் இல்லை, மகரமாகவும் இல்லை; காதைத் தூக்கிய முயல் மாதிரி நின்றது. தயாரிப்பாளருக்குப் பரம திருப்தி. படம் இரண்டாவது வாரம் ஓடவில்லை. ழகரத்தின் மேல் தப்பில்லை.

2006-ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு அறிவித்தபோது, ஊரிலுள்ள டிசைன் அறைகளிலெல்லாம் எழுத்து அறுவை சிகிச்சை நடந்தது. 'ஜில்லுன்னு ஒரு காதல்' சில்லென்று ஆனது. 'எம்டன் மகன்' நடுவில் இரண்டெழுத்தை இழந்து 'எம் மகன்' ஆனான். மொழிவளர்ச்சி என்று மற்றவர்கள் கட்டுரை எழுதினார்கள். நம்மவருக்கு அது மூன்று நாள் தூக்கம்.

போஸ்டரில் நாயகன் ஒரே ஆள் என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள். தலை ஒரு நாள் எடுத்த ஸ்டில், உடம்பு வேறொரு நாள். ஒரு கிராமத்துப் படத்தின் போஸ்டரில் அரிவாளை ஓங்கியிருக்கும் கை நம்மவருடைய மைத்துனருடையது. மைத்துனர் வங்கி குமாஸ்தா. வெண்டைக்காய் நறுக்கும்போதே கையைக் கிழித்துக்கொள்கிறவர். மதுரையில் அந்தக் கைக்குப் பாலாபிஷேகம் நடந்தது என்று யாரோ சொன்னதிலிருந்து கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்.

போஸ்டரின் அடியில் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று இருக்கும், யாரும் படிக்காதது, ஆனால் அதற்காகத்தான் அத்தனை சண்டையும். ஒளிப்பதிவாளர் இசையமைப்பாளருக்கு முன்னாலா பின்னாலா, இணைத் தயாரிப்பாளரின் மனைவி பெயருக்கு முன்னால் 'திருமதி' உண்டா இல்லையா. பாண்டி பஜார் பக்கம் ஒரு சந்தில் ஒருநாள் மைதாப் பசையின் வாசனைக்கு வந்த மாடு ஒன்று இவர் போஸ்டரைத் தின்பதை நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். நாயகன் முகத்தைத் தொடவில்லை. கீழேயிருந்த பெயர்ப் பட்டியலை இடமிருந்து வலமாக நிதானமாகத் தின்றது. "முதல் தடவையா ஒருத்தர் முழுசா படிக்கிறார்" என்றார் நம்மவர்.

அடையாறுக்குப் போனால் பந்தியே கிடையாது, பஃபே. சுயாதீன இசைக்குழு. நாலு பையன்கள், ஒரு பெண், ஒரு கஞ்சிரா. ஐம்பத்திரண்டு வயசுக்காரரை "ப்ரோ" என்று கூப்பிடுகிறார்கள். அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். "மினிமலா வேணும் ப்ரோ." வெள்ளைப் பின்னணி, நடுவில் ஒரு புள்ளி. செய்து கொடுத்தார். பில்லைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன ப்ரோ இருக்கு, ஒரு புள்ளிதானே" என்றார்கள். கோலத்தில் புள்ளி வைக்கத்தான் கஷ்டம், கோடு யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் வீடுகளில் கோலம் ஸ்டிக்கர்.

சொன்ன தேதியில் வேலை தராதபோது அவர் பேச்சு மான்செஸ்டர் நகரத்துக்குப் போய்விடும். 1978-ல் பீட்டர் சேவில் என்கிற டிசைனர் ஃபேக்டரி என்ற இசை நிகழ்ச்சிக்குச் செய்த போஸ்டர் மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது. ஆனால் இன்றைக்கு அது அருங்காட்சியகப் பொருள் என்பார். இதை ஒரு சபா செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். "அவாளுக்கு டிசம்பர் சீசன் கிடையாதே" என்று பதில் வந்தது.

சோறு போடுவது இதெல்லாம் இல்லை, அரங்கேற்றம். நியூஜெர்சியிலிருந்து அம்மா, அப்பா, பெண், இரண்டு பெட்டி நிறைய நகை. இங்கே மினிமலுக்கு வேலையில்லை. நாற்பது பக்க மலர். ஒவ்வொரு பக்கத்திலும் குழந்தை வேறு வேறு உடையில் அபிநயம். நன்றி நவிலல் மட்டும் ஆறு பக்கம், குருவில் தொடங்கி ஜடைக்குப் பூ தைத்தவர் வரைக்கும். பணம் முன்கூட்டியே வந்துவிடும். அதனால் குழந்தையின் முகத்தில் இருக்கிற பருவெல்லாம் மறைந்துவிடும், பாட்டியின் முகச்சுருக்கமும் சேர்ந்து மறைந்துவிடும். பாட்டிக்கு அது பிடிப்பதில்லை. "இது யாரு, என் தங்கையா?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

இப்போது புதுசாக ஒரு தொல்லை. வாடிக்கையாளர்களே செயற்கை நுண்ணறிவில் படம் செய்துகொண்டு வருகிறார்கள். போன வாரம் வந்த படத்தில் வீணைக்குப் பதினோரு தந்தி, இரண்டு பக்கமும் குடம், வாசிக்கிற சரஸ்வதிக்கு ஒவ்வொரு கையிலும் ஆறு விரல். "இதே மாதிரி இருக்கட்டும் சார், விரலை மட்டும் அஞ்சாக்கிடுங்கோ." வீணைக்குத் தந்தி ஏழுதான் என்று இவர் சொன்னார். "அப்படியா?" என்று வந்தவர் ஆச்சரியப்பட்டார். வந்தவர் ஒரு சபா கமிட்டி உறுப்பினர்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். சினிமாவில், "படம் ரிலீஸாகட்டும் தம்பி" என்பார்கள். இசைக்குழுவில், "எங்களுக்கே வரலை ப்ரோ." சபாவில் பணத்துக்குப் பதில் சீசன் பாஸ் தருவார்கள், கூடவே கேன்டீன் டோக்கன். முப்பது வருஷமாக இவருக்குப் பாஸ் வருகிறது. இவர் முழுசாக உட்கார்ந்து கேட்ட கச்சேரி எனக்குத் தெரிந்து இரண்டு. அவற்றிலும் ஒன்றில் தனி ஆவர்த்தனத்தின்போது பேனரில் 'ஸ்ரீ' உடைந்து தனித்தனியாக நிற்பது கண்ணில் பட்டு எழுந்து வெளியே வந்துவிட்டார். பாதி சபாக்கள் ஸ்ரீயில்தான் ஆரம்பிக்கின்றன. அவர் கம்ப்யூட்டருக்கு அந்த ஓர் எழுத்துத்தான் வராது.

இவர் பெயரையும் ஒரு மலரில் போட்டார்கள். கடைசிப் பக்கம், கீழ் ஓரம், எறும்பு அளவில் 'வடிவமைப்பு' என்று தொடங்கி. அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது அது சீவல் துண்டோடு போய்விட்டது. 'வடி' மட்டும் மிஞ்சியது. காப்பிக்கான விளம்பரம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இந்த டிசம்பருக்கும் இரண்டு பாஸ் என்னிடம் கொடுத்துவைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம், பால்கனி, கடைசிக்கு முந்தின வரிசை. அவருக்குப் பொங்கல் படத்து போஸ்டர் வேலை இருக்கிறது, வரமாட்டார். யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள். போகிறவர்கள் வாசலில் கட்டியிருக்கிற பேனர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள். வலந்தலை வலப்பக்கம்தான் இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டேன்.